கூகைப்பொத்தைப் பல்லிகள்

பிப்ரவரி 3

இன்று இரண்டு பல்லிகளைக் கொன்றேன். ஓர் ஆண், ஒரு பெண். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜெபதுரைக்கு இந்த வேலை வராது. பாறை இடுக்கில் விரலை விட்டு, வால் முறியாமல் பல்லியை வெளியே எடுக்க அவரைப்போல் ஆள் கிடையாது. ஆனால் நான் மயக்க மருந்து ஊசியைக் கையில் எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். "நீங்க முடிங்க மேடம். நான் பாட்டில்ல நம்பர் எழுதுதேன்" என்பார்.

இப்படி ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால், அதில் ஒன்றிரண்டையாவது கொன்று ஸ்பிரிட்டில் போட்டுவைத்துத்தான் ஆக வேண்டும். மற்றவற்றுக்கு வால் நுனி போதும். நறுக்கி எடுத்துக்கொண்டு, பிடித்த பாறையிலேயே விட்டுவிடலாம். வால் வளர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பொத்தை என்று சொல்லும் மொட்டைப் பாறைக் குன்றுகள் வயல்வெளியில் தீவுகளைப்போல நிற்கின்றன. இந்தப் பல்லி பாறையை விட்டு மண்ணில் இறங்காது. அப்படியானால் ஒரு பொத்தையில் இருப்பதும் அடுத்த பொத்தையில் இருப்பதும் எப்போது பிரிந்தன? எது எதற்குச் சொந்தம்? இதுதான் எங்கள் கேள்வி. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாறை ஒன்றுபோல இருந்தால் அதில் ஒட்டி வாழ்வதும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. முகத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது. உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

கூகைப்பொத்தையின் தெற்குச் சரிவைக் கிரஷர் கம்பெனி உடைத்துக்கொண்டிருக்கிறது. இன்று நாங்கள் வடக்குச் சரிவில் இருந்தபோது வெடி வைத்தார்கள். பாறை அதிர்ந்து இடுக்கிலிருந்து பல்லிகள் தானாகவே வெளியே ஓடிவந்தன. "உங்க அண்ணன் நமக்கு உதவி பண்ணுதாரு மேடம்" என்றார் ஜெபதுரை. கிரஷரில் எல்லாம் பார்த்துக்கொள்வது என் அண்ணன் முத்துமாலைதான். அப்பா, அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்து, கல்லூரி வேலைக்கு அனுப்பியவர். நான் இருப்பது அவர் வீட்டு மாடியில்.

ஜெபதுரையின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. ஊசி நூல் கொடுத்தேன்.

பிப்ரவரி 9

அண்ணன் ஒரு லாரி டிரைவரை முற்றத்தில் வைத்து அடித்தார். ஜாக்கி லீவரால் முழங்காலில். எந்த அதிகாரியிடமோ எதையோ சொல்லிவிட்டானாம். மதினி இசக்கியம்மாள் அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தேங்காய் தீர்ந்த பிறகும் வெறும் சிரட்டையைத் திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் மாடியில் மரபணு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நான்கே எழுத்துகள். வரிவரியாக ஒன்றாகவே ஓடிவந்து, திடீரென்று ஓரிடத்தில் ஒரு பல்லியின் எழுத்து மட்டும் மாறும். அந்த மாற்றத்தை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுமக்கும். ஒரே மாற்றத்தைச் சுமப்பவை ஒரு கிளை. கதவைச் சாத்திக்கொண்டால் வேலை நன்றாக ஓடுகிறது.

பிப்ரவரி 16

ஃப்ரீசர் மெக்கானிக் வரவில்லை. மதினிக்கு நெல் அவிக்க உதவினேன்.

பிப்ரவரி 22

பல்லிகளின் உறவைக் காட்டும் மரம் வந்துவிட்டது.

பதினாறு பொத்தைகளின் பல்லிகளும், ஒப்பிடுவதற்காகத் தூரத்துச் சொந்தமான ஒரு மரப்பல்லியும். கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான மரங்களை வரைந்து வரைந்து கழித்து, கடைசியில் இதைத்தான் நம்பலாம் என்று ஒன்றை நிறுத்தியது. பதினைந்து பொத்தைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கொத்தாக நிற்கின்றன. கூகைப்பொத்தை மட்டும் அடியிலேயே பிரிந்து தனியாக ஒரு நீளக் கிளையாக நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆறுகள் இன்றைய தடத்துக்கு வருவதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். வேறெங்கும் இல்லாத ஓர் இனம், நான்கு ஏக்கர் பாறையில்.

ஜெபா கத்தியதில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜெபதுரை என்று எழுத வேண்டும். கேண்டீனில் இரண்டு பேரும் வெங்காய வடை சாப்பிட்டோம். அவர் தட்டிலிருந்ததையும் நானே சாப்பிட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24

அண்ணன் மாடிக்கு வந்து திரையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"என்னட்டி இது, வம்சாவளியா?"

"ஆமாண்ணே. பல்லியோட வம்சாவளி."

"இதுல நாம எங்க இருக்கோம்?"

"இதுல இல்ல. இன்னும் ரொம்பக் கீழ போகணும். பல்லியும் நாமளும் பிரிஞ்ச இடம் அங்க இருக்கும். அதுக்கும் கீழ போனா மீன் வரும்."

சிரித்தார். "அப்போ அந்த ஜெபதுரைப் பயலும் நம்ம கிளைதான்னு சொல்லுவ."

"எல்லாரும் ஒரே கிளைதாண்ணே."

அண்ணன் மின்விசிறியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். நான் உள்ளே இருக்கும்போதே.

மார்ச் 2

கூகைப்பொத்தையில் வெடி வைப்பதை நிறுத்தக் கோரி, மரத்தின் படத்தோடு குவாரி அனுமதியைப் பார்க்கும் மாவட்டக் குழுவுக்கு மனு கொடுத்தோம். என் கையெழுத்தும் ஜெபதுரையின் கையெழுத்தும். சாயங்காலம் குளியலறைக் கதவு தட்டி உதடு கிழிந்துவிட்டது. மதினி மஞ்சள் வைத்துவிட்டார். "அந்தக் கதவு எனக்கும் பழக்கந்தான்" என்றார்.

மார்ச் 8

அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எப்படியும் ஒருநாள் சொல்லத்தானே வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அடிக்கவில்லை. சத்தம் போடவில்லை. "சரி, பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.  பிறகு, பெரிய பாரம் இறங்கியதுபோல நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 11

மனுவை விசாரிக்க வரும்போது எண்ணிக்கை கேட்பார்கள் என்பதால் வடக்குச் சரிவில் புதிதாக ஆறு பல்லிகள் பிடித்தோம். கல்லூரியில் வைத்து ஆறுக்கும் வால் நுனி எடுத்து, குப்பிகளைப் பக்கத்துத் துறையின் ஃப்ரீசரில் வைத்தேன். பல்லிகளைத் துணிப்பையில் போட்டு ஜெபதுரை எடுத்துப் போனார். நாளைக் காலையில் அந்தந்தப் பாறையில் விட்டுவிடுவார். நானும் போவதாகத்தான் இருந்தது. மதினியைக் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்லி அண்ணன் பிடிவாதமாக நிற்கிறார்.

மார்ச் 12

கோயிலில் கிடாவெட்டு. கூட்டத்தில் நின்றதில் என் சேலை விளிம்பெல்லாம் ரத்தம். ஜெபதுரைக்குக் காலையிலிருந்து போன் போகவில்லை. மலையில் டவர் கிடைக்காது.

நாங்கள் வீடு திரும்பியபோது அண்ணன் மோட்டார் பம்பில் குளித்துக்கொண்டிருந்தார். வேட்டி சட்டையோடு. "கல்லுத் தூசி" என்றார். பிறகு அவரே ஜீப்பையும் கழுவினார். ஜீப் கழுவ வீட்டில் ஆள் இருக்கிறது.

மார்ச் 13

கண்டுபிடித்துவிட்டார்கள். கூகைப்பொத்தையின் அடியில், வடக்குப் பக்கம்.

மார்ச் 15

பிணவறைக்கு ஜெபதுரையின் அக்கா எஸ்தர் வந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைப் பார்த்ததும், "நீதான் செண்பகமா" என்றார். அதற்கு முன்பு நாங்கள் பார்த்ததில்லை.

பாறையில் கால் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதியிருக்கிறது. மண்டையின் இடது பக்கம் இல்லை. எஸ்தர் துணியை விலக்கி, அழாமல், வார்டில் நோயாளியைப் பார்ப்பதுபோல ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டையும் திருப்பிக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா? கயித்துத் தடம். வழுக்கி விழுதவன் கையக் கட்டிக்கிட்டா விழுவான்?"

வலது கையில் மூன்று விரல்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன. பாறை இடுக்கில் விடுகிற விரல்கள்.

அந்த அறையில் வேறு என்ன நடந்தது என்று நினைவில்லை. வெளியே வந்தபோது என் உள்ளங்கையில் நான்கு நகத்தடங்களில் ரத்தம் இருந்தது.

மார்ச் 18

மலைக்காகத்தான் கொன்றிருக்கிறார்கள். மனு கொடுத்ததால். கிரஷரில் ஆயிரம் பேர் பங்கு, எவன் செய்தானோ. வேறு காரணம் இருக்க முடியாது.

அண்ணன் தேங்காய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பாவம். நல்ல பய" என்றார். "இனி அந்தப் பக்கம் நீ போகாதட்டி. வழுக்குத பாறை."

மார்ச் 19

மலைக்காகத்தான்.

ஏப்ரல் 6

ஃப்ரீசர் சரியாகிவிட்டது, குப்பிகளைத் திரும்ப எடுத்துவந்து வைத்தேன். விடைத்தாள் திருத்தினேன்.

ஏப்ரல் 19

மாவட்டக் குழுவிடம் கிரஷர் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஞானவரதன் கம்பெனிக்காக அறிக்கை எழுதியிருக்கிறார். கூகைப்பொத்தையில் மட்டுமே இருப்பதாகச் சொல்லப்படும் அதே பல்லி, தொலைவிலிருக்கும் மயிலம்பொத்தையிலும் கிடைக்கிறதாம். ஆறு பல்லிகளைச் சான்றாக வைத்திருக்கிறார். ஆகவே இதை உடைப்பதால் எந்த இனமும் அழியாதாம்.

மயிலம்பொத்தைக்குப் போன வருஷமே போய்வந்தோம். அங்கிருக்கும் பல்லி எங்கள் மரத்தில் வேறு கிளை. நாங்கள் தவறவிட்டிருக்கலாம். ஒரு குன்றில் இரண்டு இனம் இருப்பதும் உண்டு. அந்தப் பல்லிகளைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். குழு சம்மதித்துவிட்டது.

மே 3

ஞானவரதன் வீட்டில் குழுவின் அலுவலர் முன்னிலையில் ஆறு பல்லிகளையும் தட்டில் எடுத்து வைத்தார்கள். முதல் பல்லியைப் புரட்டினேன். வால் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. பல்லி தானாக வாலை விட்டால் சதை பூப்போலப் பிரிந்திருக்கும். இது கத்தி. இரண்டாவதும் அப்படியே. ஆறும் அப்படியே. வெட்டிய இடம் கொஞ்சமும் வளர்ந்திருக்கவில்லை. வெட்டிய அன்றோ மறுநாளோ செத்திருக்கின்றன.

"இதை நீங்களே பிடிச்சீங்களா சார்?"

"இந்த வயசுல நான் எங்கம்மா மலை ஏறுறது? உங்க அண்ணன்தான் துணிப்பையில கொண்டுவந்து குடுத்தாரு. மார்ச் மாசம். மயிலம்பொத்தையில பிடிச்சதுன்னு சொன்னாரு. குடும்பமே பல்லி பிடிக்குதேன்னு எனக்கு ஆச்சரியம்."

ஆறிலிருந்தும் கடுகளவு சதை எடுத்துக்கொண்டேன். அலுவலர் சீல் வைத்தார்.  வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அண்ணன் கருவாடு வாங்கிவந்திருந்தார். முள்ளெடுத்து என் தட்டில் வைத்தார்.

மே 12

முதல் முடிவு. ஆறு பல்லிகளும் மரத்தில் கூகைப்பொத்தைக் கிளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. மயிலம்பொத்தைக் கிளைக்கு அருகில்கூட ஒன்றும் வரவில்லை.

இது போதாது. மரம் வரைய நாங்கள் படிக்கும் பகுதி தாய்வழி மட்டும் வருவது. ஒரு குன்றின் பல்லிகளுக்கு அது ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். எந்த மலை என்று சொல்லும், எந்தப் பல்லி என்று சொல்லாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் சில பகுதிகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனி. அவற்றையும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். இங்கே பாதி, வெளியூர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் தனியாகப் பாதி. அவருக்கு எது எதன் சதை என்று சொல்லவில்லை.

மே 21

ஆறும் பொருந்துகின்றன. ஒன்றுக்கு ஒன்று. மார்ச் பதினொன்றாம் தேதி நான் நறுக்கிய ஆறு வால் நுனிகளின் உடல்கள்தான் ஞானவரதனின் தட்டில் கிடந்தவை.

ஜெபதுரை அவற்றை மலைக்குக் கொண்டுபோனார். அவர் கையிலிருந்த பை அண்ணன் கைக்கு வந்திருக்கிறது.

தப்பு நடந்திருக்கலாம். குப்பிகள் கலந்திருக்கலாம். சோதனையை மறுபடியும் ஓட்டினேன்.

மே 24

மறுபடியும் அதே.

மே 25

எஸ்தர் அக்காவும் நானும் போய் மாவட்ட போலீஸ் அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொடுத்தோம். அவர் மரத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பல்லி சாட்சி சொல்லுதுன்னு நான் கோர்ட்ல போய் நிக்கணுமா?" என்றார். பிறகு எஸ்தர் அக்கா எடுத்து வைத்திருந்த மணிக்கட்டுப் படங்களைப் பார்த்தார். அதன்பிறகு சிரிக்கவில்லை.

"உங்க அண்ணன் எதுக்கும்மா இதச் செய்யணும்?"

"மலைக்காக சார்" என்றேன்.

எஸ்தர் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். 

மே 27

ஆய்வுக்கூடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். பட்டப்பகல், பரீட்சை விடுமுறை, கட்டடத்தில் ஆள் இல்லை. இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். முதலில் ஃப்ரீசரைச் சாய்த்து உடைத்தார்கள். குப்பிகளைக் காலால் நசுக்கினார்கள். பதினாறு மலைகள் தரையில் கூழாகக் கிடந்தன. ஸ்பிரிட் பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்தார்கள். கண் எரிந்தது.

ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினான். "அண்ணாச்சி சொன்னாரு, உன்னய ஒண்ணும் செய்யக்கூடாதாம். அதான் இதோட விடுதேன்" என்றான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கம்பியால் கம்ப்யூட்டரை அடிக்கத் திரும்பினான்.

சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தேன். பல் தெறித்து விழுந்தது. விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். அவன் கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினான். கையின்மேலேயே அடித்தேன். மற்றவர்கள் வந்து என்னைத் தள்ளிவிட்டு அவனை இழுத்துப் போனார்கள். இல்லாவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டேன். அடிக்கும்போது பயம் இல்லை, கோபம்கூட இல்லை. நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

மரபணு வரிசைகள் எல்லாம் ஏற்கெனவே வெளியூர்க் கூடத்தில் பத்திரமாக இருக்கின்றன. பாதிச் சதையும் அங்கேதான். அவர்கள் உடைத்தது ஜெபதுரையின் கையெழுத்திருந்த பாட்டில்களைத்தான்.

மே 30

அண்ணனைக் கைது செய்தார்கள். கூடவே கிரஷர் ஆட்கள் இரண்டு பேரை. அன்று காலை அடிவாரத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்ததாக ஒரு டிரைவர் சொல்லியிருக்கிறான். முழங்கால் உடைந்தவன்.

அண்ணன் விலங்கோடு நடந்துபோகும்போது மாடியைப் பார்த்தார். "கதவப் பூட்டிக்கிட்டுப் படு செம்பா" என்றார்.

நான் துணிமணியை எடுக்கக் கீழே வந்தபோது, மதினி அடுப்பிலிருந்து வடித்த கொதி கஞ்சியை என்மேல் வீசினார். இடது தோளிலிருந்து முழங்கை வரை. தோல் துணியோடு ஒட்டிக்கொண்டது. "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே குடியக் கெடுத்திட்டியே, பாவி!" என்று கத்தினார். அப்புறம் அவரே ஓடிவந்து குடத்துத் தண்ணீரை என்மேல் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அழுதார். "என்னய அந்த மனுசன் அடிக்காத நாளு கிடையாது. அதுக்காக அவரப் பிடிச்சுக் குடுத்திருவேனா நான்? குடுக்கத் தோணலயே எனக்கு" என்றார்.

எஸ்தர் அக்கா புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அவர் ஏற்பாட்டில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன்.

ஜூலை 14

மயிலம்பொத்தை அறிக்கையை மாவட்டக் குழு தள்ளுபடி செய்தது. கூகைப்பொத்தையில் வேலைக்கு இடைக்காலத் தடை. சந்தோஷப்பட வேண்டும்.

தோளில் புதுத்தோல் வந்திருக்கிறது. வேறு நிறம்.

அக்டோபர் 12

ஜெயிலில் அண்ணனைப் பார்த்தேன். அவர்தான் சொல்லியனுப்பினார். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என் தோளைப் பார்த்துவிட்டு, "இசக்கியா?" என்றார். தலையாட்டினேன். "வெளிய வந்து அவ கைய முறிக்கேன்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோர்ட்டுல உன்னயக் கேப்பாங்க செம்பா. எதுக்காகன்னு. மலைக்காகன்னு சொல்லிரு. இதுவரைக்கும் அப்படித்தான சொல்லிருக்க?"

"மலைக்காகத்தானண்ணே?"

என்னையே பார்த்தார். சின்ன வயதில், நான் கணக்கில் முட்டை வாங்கிவந்தபோது பார்ப்பாரே, அப்படி.

"ஒரு மலைக்காக எவனாவது ஆளக் கொல்லுவானாட்டி? மனு குடுத்தா எதிர்மனு குடுத்திட்டுப் போறேன். இந்தப் பொத்தை இல்லன்னா இன்னொரு பொத்தை."

 அவராகவே சொன்னார்.

"அவன உச்சியில உக்காரவச்சு நல்லபடியாத்தான் கேட்டேன். 'செம்பாவ விட்டுருதேன்னு ஒரு வார்த்தை சொல்லுல, கட்ட அவுத்து விட்டுருதேன், இறங்கிப் போயிரு'ன்னு. ஒவ்வொரு வெரலா கேட்டேன். மாட்டேன்னுட்டான். பொய்யாவாவது சொல்லிருக்கலாம்லா? சொல்லிட்டு ஓடிருக்கலாம்லா? கடைசியில பையில இருந்த பல்லிய மட்டும் விட்டுருங்கன்னான்."

பக்கத்துச் சன்னலில் ஒரு குழந்தை அப்பா அப்பா என்று கத்திக்கொண்டிருந்தது.

"குவாரித் தகராறுன்னு போனா நான் ஆம்பளையா ஜெயில்ல கிடப்பேன். உன் பேரும் அந்தத் தெருக்காரன் பேரும் சேர்ந்து கோர்ட்டுல வந்துச்சுன்னா நம்ம வம்சத்துக்கே கேவலம். அதுக்குத்தான இம்புட்டும் செஞ்சேன்? அத நீயே கெடுத்திராத."

நேரம் முடிந்தது என்று வார்டர் கம்பியைத் தட்டினார்.

அக்டோபர் 13

மார்ச் எட்டாம் தேதி நான் அண்ணனிடம் சொன்னது இதுதான்: நானும் ஜெபாவும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்.

மறு ஆண்டு, நவம்பர் 19

சாட்சிக் கூண்டு.

அரசு வக்கீல் முதலில் பல்லியைப் பற்றிக் கேட்டார். வால் நுனி, உடல், எப்படிப் பொருந்துகிறது. நீதிபதிக்குப் புரியும்படி சொன்னேன். ஒரே புத்தகத்தைக் கையால் திரும்பத் திரும்ப நகலெடுத்தால் எழுத்துப்பிழைகள் சேரும், ஒரே பிழைகளைச் சுமக்கும் நகல்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், வெயிலில் சதை கெட்டிருக்கலாமே என்றார். கெட்டால் எழுத்து காணாமல் போகும், இன்னொரு பல்லியின் எழுத்தாக மாறாது என்றேன்.

பிறகு அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "கிரஷருக்கு எதிரா மனு குடுத்த ஆளு நீங்க. எப்படியாவது அதை மூடணும்னு சொந்த அண்ணன்மேலயே பழி போடுறீங்க. சரிதானே? இறந்தவர் உங்ககூட வேலை பார்த்தவர். அதுக்குமேல உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு?"

அண்ணன் எதிர்க் கூண்டில் நின்றார். மதினி பின்பெஞ்சில். எஸ்தர் அக்காவும் ஜெபாவின் அம்மாவும் சுவரோரமாக. அண்ணன் லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

"ஜெபதுரைய நான் கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தேன்" என்றேன்.

வக்கீலின் வாய் திறந்தபடியே நின்றது. கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுக் கூண்டைத் தாண்டிக் குதித்தார். மேசை சரிந்து தாள்கள் பறந்தன. "ஏட்டி!" என்ற சத்தம் மட்டும் கேட்டது. என் முடியைச் சுற்றிப் பிடித்து நெற்றியைக் கூண்டின் கட்டையில் அடித்தார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. மூன்றாவது முறை அடிக்கும்போது என் கண்ணுக்குள் ரத்தம் இறங்கிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவர் கையைப் பிரித்தார்கள். என் முடி ஒரு கொத்து அவர் விரல்களோடு போனது. நீதிபதி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். "எங்க அண்ணன் அடிச்சான்" என்றேன்.

விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார் நீதிபதி. வேண்டாம், இன்றே முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் கட்டோடு மறுபடியும் கூண்டில் ஏறினேன். அண்ணனை இந்தமுறை விலங்கோடு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். தலையைக் குனிந்திருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவில்லை. அரசு வக்கீல்தான் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க கல்யாணம் பண்ணிக்கப்போற விஷயம் அப்போ யாருக்காவது தெரியுமா?"

"எங்க வீட்டுல அப்போ அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றேன். "இப்போ எல்லாருக்கும் தெரியும்."